தணிக்கைக்கு முன்னால் பாட்டில்களை இடம் மாற்றலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். எங்கள் வளாகத்தில் அடுத்த மாதம் முதல்முறையாகச் சுற்றுச்சூழல் தணிக்கை நடக்கப்போகிறது. ‘நீதான் ஒருங்கிணைப்பாளர்’ என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். ஸ்டோர் ரூமின் பின்அறையில் பழைய ரசாயன பாட்டில்கள் நிறைய இருக்கின்றன, பலவற்றில் லேபிளே இல்லை. தணிக்கை நடக்கும் வாரம் மட்டும் அவற்றை ஒரு பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றி, மாணவர் விடுதிக்குப் பின்னால் இருக்கும் கராஜில் வைத்துவிடலாம் என்கிறார் துறைத் தலைவர். ‘அது ஸ்டாக்தான், கழிவு இல்லை’ என்பது அவர் வாதம். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறுத்தால் வேலைக்கு ஆபத்து வருமோ என்ற பயமும் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கும் என் அண்ணன் மகன், தப்பை நாமே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் அபராதத்தைத் தள்ளுபடி செய்வார்கள் என்கிறான். இங்கேயும் அப்படியா? தணிக்கைக்கு வருகிறவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள்?

— பெயர் வெளியிட வேண்டாம், சாட்ஸ்வர்த்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்று. அந்த பாட்டில்களைத் தொடாதீர்கள், வேறு யாரையும் தொட விடாதீர்கள். சட்டம், தணிக்கை, துறைத் தலைவரின் கோபம் எல்லாம் அப்புறம். என்னவென்று தெரியாத பழைய ரசாயனங்களைப் பக்கியின் பின்னால் ஏற்றி, ஸ்பீட் ஹம்ப்பில் குலுக்கிக்கொண்டு போய், பிள்ளைகள் தூங்கும் கட்டடத்துக்குப் பின்னால் இறக்கி வைப்பது உயிரோடு விளையாடுகிற காரியம்.

காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். இருந்தாலும் துறைத் தலைவரிடம் பேசும்போது உதவட்டும் என்று எழுதுகிறேன். பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை தொந்தரவு தராது. உயிரியல் ஆய்வகங்களில் திசுக்களைப் பதப்படுத்தும் கரைசலுக்காக ஒரு காலத்தில் வாங்கி வைத்திருப்பார்கள். அலமாரியிலேயே வருடக்கணக்கில் கிடந்து தண்ணீர் வற்றிவிட்டால் அது வெடிமருந்து. மூடியின் மரையில் படிந்த மஞ்சள் படிகம், திருகும்போது ஏற்படும் உராய்விலேயே வெடிக்கலாம். உலோக மூடியாக இருந்தால் அந்த உலோகத்தோடு சேர்ந்து இன்னும் எளிதில் வெடிக்கும் உப்புகளை உண்டாக்கும். டைஎதில் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்றவை திறந்த நாளிலிருந்தே காற்றோடு சேர்ந்து, எளிதில் வெடிக்கும் பெராக்சைடு கட்ட ஆரம்பித்துவிடும். தணிக்கையாளராகப் போன ஒரு கல்லூரி ஸ்டோர் ரூமில் நான் பார்த்த பழுப்பு நிற ஈதர் பாட்டிலின் கழுத்தைச் சுற்றி வெள்ளையாகப் படிகம் கட்டியிருந்தது. ஒரு சாண் தள்ளி ஹீட்டர் பிளக். நாங்கள் விளக்கைக்கூட அணைக்காமல் வெளியே வந்து கதவைப் பூட்டினோம். மீதியை அந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் வந்து பார்த்துக்கொண்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். வாசலில் நின்றபடி அலமாரி அலமாரியாகப் படம் எடுங்கள். கண்ணுக்குத் தெரியும் லேபிள்களை எழுதிக்கொள்ளுங்கள். லேபிள் இல்லாதவற்றுக்கு ‘இரண்டாம் தட்டு, இடப்பக்கம், பழுப்பு பாட்டில், பாதி நிறைய, அடியில் படிகம்’ என்ற அளவில் குறிப்பு போதும். எதையும் திறந்து முகர்ந்து பார்க்க வேண்டாம், குலுக்கிப் பார்க்கவும் வேண்டாம். பிறகு கதவைப் பூட்டி, ஓர் எச்சரிக்கைத் தாளை ஒட்டுங்கள். ஆய்வக ரசாயனக் கழிவைக் கையாளும் உரிமம் பெற்ற நிறுவனங்கள் டர்பனில் இருக்கின்றன. அவர்களுடைய வேதியியலாளர் நேரில் வந்து, தெரியாத பொருள் ஒவ்வொன்றையும் சோதித்து வகை பிரிப்பார். ஒன்றோடொன்று சேரக்கூடாதவற்றைத் தனித்தனி டிரம்மில் வைத்து, பாட்டில்களுக்கு நடுவே வெர்மிகுலைட் (கசிவை உறிஞ்சும் கனிமத் துகள்) கொட்டி மூடி எடுத்துப் போவார்கள். பிக்ரிக் அமிலம், பழைய ஈதர் என்று சந்தேகம் வருகிறவற்றை மட்டும் போனிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும், சில சமயம் காவல்துறையின் வெடிபொருள் பிரிவையே கூப்பிட வேண்டியிருக்கும்.

இப்போது ‘ஸ்டாக்தான், கழிவு இல்லை’ என்ற வாதத்துக்கு வருவோம். நான் போகிற வளாகங்களில் எல்லாம் இதைக் கேட்கிறேன். யாரும் பயன்படுத்தப்போவதில்லை, என்னவென்றே தெரியாது, திறக்கவே பயம் என்ற நிலையில் இருக்கும் பாட்டிலை எந்தத் தணிக்கையாளரும் ஸ்டாக் என்று ஏற்க மாட்டார். அது கழிவுதான். 2008-ஆம் ஆண்டின் 59-ஆம் எண் கழிவுச் சட்டத்தின் கீழ் 2013 ஆகஸ்டில் வந்த வகைப்படுத்தல் விதிகள், கழிவு உண்டான 180 நாளுக்குள் அதை வகைப்படுத்தச் சொல்கின்றன. 18 மாதத்துக்குள் அதை மறுபயன்பாட்டுக்கோ, சுத்திகரிப்புக்கோ, பாதுகாப்பான அகற்றலுக்கோ அனுப்பியாக வேண்டும். உங்கள் பின்அறை எந்தக் கணக்கில் பார்த்தாலும் இந்தக் கெடுவைத் தாண்டி நிற்கிறது. ஸ்டாக்தான் என்று அவர் அடித்துச் சொன்னாலும் தப்பிக்க முடியாது. 2021-இல் வந்த அபாயகர ரசாயனங்களுக்கான தொழில் பாதுகாப்பு விதிகளின்படி லேபிளும் பாதுகாப்புத் தரவுத் தாளும் இல்லாத ஸ்டாக்கும் தப்புதான்.

இந்த நிலைமை ஒருவர் செய்த தப்பால் மட்டும் வருவதில்லை. இந்த நாட்டில் 2000-களின் தொடக்கத்தில் உயர்கல்வி நிறுவனங்களையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்தார்கள். 36 பல்கலைக்கழகங்களும் டெக்னிகான் எனப்பட்ட தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனங்களும் 23 ஆயின. 152 டெக்னிகல் காலேஜ்கள் 50 ஆயின. துறைகள் கட்டடம் விட்டுக் கட்டடம் மாறின, மூத்த டெக்னீஷியன்கள் ஓய்வு பெற்றார்கள், பாட்டில்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. உங்கள் துறைத் தலைவரும் அந்த அறையைப் பெரும்பாலும் சாவியோடு சேர்த்துத்தான் வாங்கியிருப்பார். பேசும்போது இதை மனதில் வையுங்கள். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், ‘சார், இது நமக்கு முன்னால் இருந்தே வந்த பிரச்சினை, நம் காலத்தில் சரி செய்துவிடலாம்’ என்று தொடங்கினால் காரியம் நடக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் பக்கியில் ஏற்றிய நிமிடத்தில் அது பழைய பிரச்சினை என்று சொல்லிக்கொள்ள முடியாது. புதிய குற்றம் ஆகிவிடும். அபாயகரமான கழிவு எங்கே போனாலும் அனுப்பியவர், ஏற்றிச் சென்றவர், பெற்றுக்கொண்டவர் மூன்று பேரும் கையெழுத்திட்ட மேனிஃபெஸ்ட் (சரக்கு விவரத் தாள்) கூடவே போக வேண்டும். ஆபத்தான சரக்கைச் சாலையில் கொண்டுபோவதற்கு 1996-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக 1998-ஆம் ஆண்டின் 107-ஆம் எண் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம் இருக்கிறது. நாங்கள் நீமா என்கிறோமே, அதுதான். அதன் 28-ஆம் பிரிவு, மாசு உண்டாக்கக்கூடிய எவரும் அதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்கிறது. 34-ஆம் பிரிவை நீங்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். தன் பொறுப்பில் உள்ள வேலையில் குற்றம் நேர்ந்தால், ஊழியரையும் முதலாளியைப் போலவே தண்டிக்க அது வழி வைத்திருக்கிறது. ‘மேலே சொன்னார்கள், செய்தேன்’ என்பது உங்களைக் காப்பாற்றாது.

இதையெல்லாம் எழுதுவது உங்களைப் பயமுறுத்த இல்லை. உங்கள் மனசு ஒப்பாததற்கு முழு நியாயம் இருக்கிறது, சட்டமும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

தணிக்கையாளர் யார் என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன், பல பேர் இதில் குழம்புகிறார்கள். சுற்றுச்சூழல் மேலாண்மை ஆய்வாளர்கள் என்று அரசு நியமித்தவர்கள் உண்டு, ஜனங்கள் கிரீன் ஸ்கார்ப்பியன்ஸ் என்று சொல்கிறார்கள். அவர்களுக்குச் சோதனை போடவும், சட்டப்படி சரி செய்யச் சொல்லும் இணக்க நோட்டீஸ் கொடுக்கவும் அதிகாரம் உண்டு. அடுத்த மாதம் வருகிறவர் அவர் இல்லை. உங்கள் கல்லூரியே பணம் கொடுத்து, ‘நாங்கள் சட்டப்படி இருக்கிறோமா, பார்த்துச் சொல்லுங்கள்’ என்று அழைத்திருக்கும் வெளியாள். அவரிடம் ஒளிப்பது டாக்டரிடம் வலியை மறைப்பதற்குச் சமம். கொடுத்த பணமும் வீண், நோயும் அப்படியே இருக்கும். சுவரில் சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 14001 சான்றிதழ் மாட்டியிருந்தாலும் சரி, பசுமை வளாகப் பட்டியலில் நல்ல இடம் கிடைத்திருந்தாலும் சரி, சட்ட இணக்கத் தணிக்கை அவற்றிலிருந்து வேறு. இங்கே கேள்வி ஒன்றுதான்: சட்டம் சொன்னது நடந்திருக்கிறதா, அதற்குச் சாட்சி எங்கே?

சாட்சி என்றதும் எல்லாரும் ஃபைலைத்தான் தேடுவார்கள். நான் ஃபைலைக் கடைசியில்தான் கேட்பேன், முதலில் வடிகாலைப் பார்ப்பேன். டர்பனில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் வடிகால் வேறு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர் வடிகாலில் விழுவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேரே ஆற்றுக்குப் போகிறது. சாட்ஸ்வர்த் பக்கத்தில் விழுந்தால் உம்லாதுசானா ஆறு, அங்கிருந்து டர்பன் துறைமுகம். இது தெரியாமல் வாளியில் மிச்சம் இருப்பதை வெளியே இருக்கும் மழைநீர் வடிகாலின் கம்பிவலை மேல் ஊற்றிவிடுகிறவர்களை எத்தனையோ வளாகங்களில் பார்த்திருக்கிறேன். பெயின்ட் அடிக்க வந்த ஒப்பந்தக்காரர் பிரஷ் கழுவுவதும் அங்கேதான், மோட்டார் மெக்கானிக் வகுப்பில் இன்ஜின் கழுவுவதும் அங்கேதான்.

பழைய கட்டடங்களில் எந்தக் குழாய் எதில் சேர்கிறது என்று வரைபடத்தை நம்பிச் சொல்ல முடியாது. ஒரு வளாகத்தில் சந்தேகம் வந்து, ஆய்வக சிங்க்கில் ஃப்ளோரசீன் சாயத்தைக் கொஞ்சம் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டோம். கழிவுநீர் மேன்ஹோலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருந்தார், அங்கே ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கார் பார்க்கிங்குக்குக் கீழே இருந்த மழைநீர்ச் சாலில் பளிச்சென்று பச்சைத் தண்ணீர் வந்தது. எப்போதோ ஆய்வகத்தை நீட்டிக் கட்டியபோது பிளம்பர் பக்கத்தில் இருந்த குழாயில் இணைத்துவிட்டார், அவ்வளவுதான். அந்த சிங்க்கில் அதுவரை எத்தனை வகுப்பு என்னென்ன ஊற்றியதோ! உங்கள் கட்டடத்திலும் இந்தச் சோதனையைப் பராமரிப்புத் துறையோடு சேர்ந்து தணிக்கைக்கு முன்பே செய்துவிடுங்கள். செலவு மிகக் குறைவு. ஆற்றுக்குப் போக வாய்ப்பிருப்பதால் மாநகராட்சிக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பச்சைத் தண்ணீரைப் பார்த்து யாரும் பதற வேண்டியிருக்காது.

சரியான கழிவுநீர்க் குழாயில் போனாலும் எல்லாவற்றையும் ஊற்றிவிட முடியாது. சோடியம் அசைடு கலந்த கரைசல்களைத் தொடர்ந்து ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கும் உப்பாகப் படியும், பிறகு குழாயை அறுக்க வரும் பிளம்பருக்கு ஆபத்து. கண்ணாடிப் பாத்திரம் கழுவும் குரோமிக் அமிலம், ஃபார்மலின், கரைப்பான்கள் இவை எதுவும் சிங்க்குக்குப் போகக்கூடாது. ‘தண்ணீர் கலந்துவிட்டால் பரவாயில்லை’ என்று சொல்லும் ஆசிரியர் ஒருவராவது ஒவ்வொரு துறையிலும் இருக்கிறார். அவரோடு சண்டை வேண்டாம். சிங்க்குக்கு மேலே எது போகலாம், எது கூடாது என்று பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டுங்கள், பக்கத்திலேயே மூடியோடு ஒரு கழிவு கேன் வையுங்கள். கேன் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாவிட்டால் யாரும் தேடிப் போகமாட்டார்கள்.

அப்புறம்தான் காகிதம். தணிக்கையாளர் ஒரு கழிவைப் பிடித்துக்கொண்டு அதன் கடைசி இடம்வரை போவார். உதாரணத்துக்கு வளாக கிளினிக்கில் உள்ள மஞ்சள் ஊசிப் பெட்டி. நிரம்பியதும் யார் எடுத்தார், எந்தத் தேதி, மேனிஃபெஸ்ட் எங்கே, எரித்த பிறகு வந்த சான்றிதழ் எங்கே, அந்த நிறுவனத்தின் உரிமம் இன்னும் செல்லுபடியாகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பெரும்பாலும் சங்கிலி நடுவில் அறுந்திருக்கும். லாரி ஏறியதற்குத் தாள் இருக்கும், போய்ச் சேர்ந்ததற்கு இருக்காது. ஐந்து வருட ஆவணம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இந்த வாரமே ஒப்பந்தக்காரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, விடுபட்ட சான்றிதழ்களைக் கேளுங்கள். பாதுகாப்பாக அகற்றியதற்கான சான்று இல்லாமல் அடுத்த பில்லுக்குப் பணம் தரமாட்டோம் என்று நிதிப் பிரிவு ஒரு விதி போட்டால், பிறகு நீங்கள் ஒருவரையும் துரத்த வேண்டாம்.

வேதியியல் துறையில் இருப்பதால் உங்களுக்கு ஆய்வகம்தான் பெரிதாகத் தெரியும். ஆனால் ஒருங்கிணைப்பாளர் என்ற பெயர் வந்துவிட்டதால் வளாகம் முழுவதும் உங்கள் தலையில் விழும். லோட்ஷெட்டிங் காலத்தில் வாங்கிப் போட்ட ஜெனரேட்டர்களையும் டீசல் தொட்டிகளையும் போய்ப் பாருங்கள். தொட்டியைச் சுற்றித் தடுப்புச் சுவர் இருக்கிறதா, தொட்டி முழுவதும் கொட்டினாலும் தாங்குமா, சுவரின் வடிகால் வால்வு மூடியிருக்கிறதா? வால்வைத் திறந்தே வைத்திருந்தால் சுவர் இருந்தும் பயனில்லை. மொத்தக் கொள்ளளவு 80 கன மீட்டரைத் தொட்டுவிட்டால் சுற்றுச்சூழல் அனுமதியே தேவைப்படும். ஒரு வளாகத்தில் அவ்வளவு வராது என்றாலும் கூட்டிப் பார்த்து எழுதி வையுங்கள். உடைந்த கணினியும் டியூப்லைட்டும் குப்பை லாரியில் போகக்கூடாது. விளக்குகளைக் குப்பைமேட்டில் போடுவதை 2016-இலும், மற்ற மின்னணுக் கழிவுகளை 2021-இலும் தடுத்துவிட்டார்கள். கூரையோ சுவர்ப் பலகையோ ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால், 2020-இன் விதிகள் அதற்கு ஒரு பதிவேடு கேட்கின்றன. 1960, 70-களில் எழுந்த கட்டடங்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முக்கியமாக, கூரையில் ஓட்டை போட வரும் ஏர்கண்டிஷன் மெக்கானிக்குக்கு அந்தப் பதிவேட்டை முதலில் காட்ட வேண்டும். வேலி ஓரத்து உண்ணிச்செடியும் பட்டியலில் உண்டு. நம் ஊர்ப்பக்கம் அதற்கு அழகுக்காக இடம் கொடுத்துவிட்டார்கள், இங்கே அது கட்டுப்படுத்தியே ஆக வேண்டிய அந்நியச் செடி.

இன்னும் இரண்டு விஷயம் கல்லூரிகளில் அடிக்கடி விட்டுப்போகும். புதிய விடுதியோ விளையாட்டரங்கமோ கட்டச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியிருந்தால், அதன் நிபந்தனைகள் கட்டடம் எழுந்ததோடு முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அனுமதி செல்லுபடியாகும்வரை அதில் சொன்ன இடைவெளியில் தனித் தணிக்கை நடக்க வேண்டும், அந்த இடைவெளி ஐந்து வருடத்தைத் தாண்டக்கூடாது. இன்னொன்று ஆற்றல் திறன் சான்றிதழ். 2020 டிசம்பரில் வந்த அந்த விதி கல்விக் கூடங்களையும் பிடிக்கிறது. அரசுக் கட்டடம் 1000 சதுர மீட்டருக்கு மேல், தனியார் கட்டடம் 2000-க்கு மேல் என்றால் வாசலில் அந்தச் சான்றிதழ் தொங்க வேண்டும்.

உங்கள் அண்ணன் மகன் சொன்னது அவர் இருக்கும் நாட்டுக்குச் சரி. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1995-இல் ஒரு கொள்கை கொண்டுவந்து 2000-இல் திருத்தியது. முறையான சுயதணிக்கையில் ஒரு மீறலைக் கண்டுபிடித்து, 21 நாளுக்குள் தானே போய்ச் சொல்லி, பொதுவாக 60 நாளுக்குள் சரி செய்து, மற்ற நிபந்தனைகளையும் நிறைவேற்றினால், குற்றத்தின் கடுமைக்கான அபராதத்தை முழுக்கத் தள்ளுபடி செய்கிறார்கள். மீறலால் சேமித்த பணத்தை வேண்டுமானால் வசூலிப்பார்கள். 2008-இல் கல்வி நிறுவன ஆய்வகங்களுக்கென்றே தனி விதியும் போட்டார்கள். அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆய்வகமும் வருடத்துக்கு ஒருமுறை, 30 நாளுக்குள், பழைய பாட்டில்களை மொத்தமாக வெளியேற்றலாம். அப்படி வெளியே வரும் கழிவு, அந்த நிறுவனம் பெரிய கழிவு உற்பத்தியாளரா சின்னதா என்ற கணக்கில் சேராது. சுத்தம் செய்கிறவரைத் தண்டிக்காத விதி அது.

தென்னாப்பிரிக்காவில் அப்படி ஒரு தள்ளுபடிக் கொள்கை கிடையாது. அனுமதி வாங்காமல் தொடங்கிய சில வேலைகளுக்கு நீமாவின் 24ஜி பிரிவில் பின்னால் விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கே ஒரு கோடி ராண்ட்வரை நிர்வாக அபராதம் விதிக்க இடமுண்டு. உங்கள் பின்அறை அந்தப் பிரிவில் வராது. திடீரென்று கசிவோ தீயோ வெடிப்போ நேர்ந்து பெரிய பாதிப்பு வரும் என்றால் 30-ஆம் பிரிவின்படி உடனே அறிவிக்க வேண்டும், 14 நாளுக்குள் முழு அறிக்கை தர வேண்டும். இதில் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்க இடமே இல்லை. தள்ளுபடி இல்லை என்பதற்காக மறைப்பது லாபமாகிவிடாது. தேதி போட்ட பட்டியலும், ஒப்பந்தக்காரரின் விலைப்புள்ளியும், நிர்வாகம் ஒதுக்கிய பணமும் கையில் இருக்கும் கல்லூரியை ஆய்வாளர் ஒரு விதமாகப் பார்ப்பார். கராஜில் ஒளித்து வைத்து மாட்டிய கல்லூரியை வேறு விதமாகத்தான் பார்ப்பார்.

2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனுக்கு வடக்கே கார்னூபியாவில் ஒரு ரசாயனக் கிடங்கு எரிந்ததை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. தீயை அணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்தெல்லாம் சேர்ந்து ஓஹ்லங்கா ஆற்றில் இறங்கி, மீன்கள் செத்து மிதந்தன, வடக்குக் கடற்கரைகளை மூடினார்கள். மறுவருடம் ஏப்ரலில் வெள்ளம் வந்து 430-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு தரைத்தளத்திலோ பள்ளத்திலோ ரசாயன அறை இருந்தால் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று நான் கேட்காமல் விடுவதில்லை. உங்கள் பட்டியலின் ஒரு பிரதி வளாகப் பாதுகாப்பு அறையில் இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி வந்து நிற்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல அங்கே ஒருவராவது வேண்டும். தெற்கு டர்பனில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டி வாழும் மெரிபேங்க் ஜனங்கள் ஆலைப் புகையில் என்ன இருக்கிறது என்ற தகவலுக்காக எத்தனை வருடம் போராடினார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வேதியியல் கற்றுத்தரும் இடம் அந்தத் தகவலைக் கேட்காமலே தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உடல்நலத்துக்குத் தீங்கு செய்யாத சுற்றுச்சூழல் எல்லாருக்கும் உரிமை என்று அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. விடுதியில் தூங்கும் பிள்ளைகளும் அதில் அடக்கம்.

கடைசியாக உங்கள் வேலை. நீமாவின் 31-ஆம் பிரிவு, சுற்றுச்சூழல் ஆபத்து இருப்பதாக நல்லெண்ணத்தோடு நம்பி, சட்டம் சொன்ன வழியில் தகவல் சொன்னவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்கிறது. 2000-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வெளிப்படுத்தல் சட்டமும், தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும் கூடவே நிற்கின்றன. ஆனால் இந்தப் பாதுகாப்பு நீங்கள் யாரிடம், எப்படிச் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் முதல் படி கல்லூரிக்குள்ளேயே, எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு முடிந்த அன்றே துறைத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், பாதுகாப்பு அதிகாரிக்கும் நகல் போகட்டும். ‘பின்அறையில் அடையாளம் தெரியாத, வெடிக்கக்கூடிய பொருள்கள் இருக்கலாம் என்பதால் இடம் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், பட்டியலும் படங்களும் இணைத்திருக்கிறேன், உரிமம் பெற்ற நிறுவனத்திடம் விலைப்புள்ளி கேட்க அனுமதி வேண்டும்.’ இவ்வளவு போதும். கராஜ் பேச்சை அதில் இழுக்க வேண்டாம், அவர் கௌரவமாகப் பின்வாங்க வழி இருக்கட்டும். அதற்கும் பிறகு வற்புறுத்தினால் தொழிற்சங்கப் பிரதிநிதியையும் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரையும் பாருங்கள். வெளியே புகார் கொடுப்பதை அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.

ஒருங்கிணைப்பாளர் பதவியையும் எழுத்தில் வாங்குங்கள். என்ன பொறுப்பு, எவ்வளவு நேரம், எந்த பட்ஜெட், யாருக்கு அறிக்கை என்பதெல்லாம் அதில் வர வேண்டும். தொழில் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இறுதிப் பொறுப்பை நிறுவனத் தலைவரிடம்தான் வைக்கிறது. அவர் கீழே ஒப்படைக்கலாம், ஆனால் தன் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது.

தணிக்கை நாளுக்குள் பாட்டில்களை அகற்றி முடிக்க முடியாமல் போகலாம், அதில் ஒன்றும் குடிமுழுகாது. தணிக்கையாளர் வந்ததும் அந்தக் கதவுக்கு நீங்களே கூட்டிப்போய், பூட்டையும் பட்டியலையும் விலைப்புள்ளியையும் காட்டுங்கள். அறிக்கையில் அது ஒரு குறையாக வரும். அதன் பக்கத்தில் எந்தத் தேதிக்குள் யார் சரி செய்வார், பணம் எந்தக் கணக்கிலிருந்து என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதுவரை பின்அறைச் சாவி ஒன்று உங்களிடமும் ஒன்று பாதுகாப்பு அதிகாரியிடமும் மட்டும் இருக்கட்டும். மூன்றாவது சாவி யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே கையெழுத்துப் போட்டு வாங்கிவிடுங்கள்.